இரண்டாவது விமானம்

மணி மூன்றே முக்கால். அதை ராத்திரி என்றும் சொல்ல முடியாது, விடியல் என்றும் சொல்ல முடியாது. விமானத் தளத்துக்குப் போகிற ரோடு... இரண்டு மைல் நீளம். யுத்த காலம். விளக்கு ஏற்றினால் மேலேயிருந்து குண்டு விழும், அதனால் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. இரண்டு பக்கமும் மரம். அந்த ரோட்டில் ஒரே ஒரு சைக்கிள் போகிறது. க்ரீச்... க்ரீச்... செயின் எண்ணெய் கண்டு எத்தனை நாளோ.

முதலில் அந்தக் கதவைச் சாத்துங்கள். கரண்டு வரும்போது வரட்டும். நடுவில் யாராவது சிரித்தால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும், இப்போதே சொல்லியாயிற்று. 'பேயாவது பிசாசாவது' என்று முனகுகிறவர்கள் தாராளமாக எழுந்து அடுத்த அறையில் தனியாகப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். போக மாட்டீர்கள், தெரியும். இதோ சுவரில் சாய்ந்துகொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே நம் கம்பவுண்டர், அவருடைய மாமனாருக்கு நடந்தது இது. அவரே சொல்லலாம், சொல்ல மாட்டார். சொன்னால் அன்றைக்குத் தூக்கம் போய்விடுமாம்.

சரி. சைக்கிளில் இரண்டு பேர். மிதிக்கிறவன் ஒருவன். பின்னால் கேரியரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் ஒருவன். கேரியரில் இருந்தவன்தான் பின்னாளில் கம்பவுண்டருக்கு மாமனார் ஆனவன். அப்போது வயது இருபத்து மூன்று. இரண்டு பேருமே போர் விமானம் ஓட்டுகிறவர்கள். ஆளுக்கொரு சைக்கிள் உண்டு, அன்றைக்கு இவனுடையது பஞ்சர். "ஏறிக்கோடா" என்றான் மற்றவன். சைக்கிளிலும் பின்னால்தானா என்று கறுவிக்கொண்டே ஏறினான்.

ஏன் கறுவ வேண்டும்? அவன் வேலையே பின்னால்தான். குண்டு போடுகிற விமானம் இருக்கிறதே, அது பெரிசு, கனம், மெதுவாகப் போகும். எதிரி வந்தால் ஓட முடியாது. அதற்குக் காவலாகச் சின்னச் சின்னப் போர் விமானங்கள் ஜோடி ஜோடியாகக் கூடவே போகும். ஜோடியில் முதல் ஆள் சுடுவான், பேர் வாங்குவான். இரண்டாவது ஆள் சுடுவதற்காக வந்தவன் இல்லை. முதல் ஆளின் முதுகைப் பார்த்துக்கொள்ள வந்தவன். பின்னால் எவனாவது வந்தால் ரேடியோவில் "திரும்பு!" என்று கத்த வேண்டும். கத்தினதும் முதல் ஆள் யோசிக்காமல் திரும்பிவிடுவான். மூன்று மணி நேரம் பறந்தால் மூன்று மணி நேரமும் இரண்டாவது ஆளுடைய கழுத்து திரும்பியேதான் இருக்கும். இறங்கினதும் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பான். பக்கத்து அறையில் முதல் ஆளுக்குக் கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

சைக்கிளை மிதிக்கிறானே, அவன்தான் இவனுக்கு முதல் ஆள். தளத்தில் அவனுக்கு 'ராசி' என்று பேர். பதினோரு எதிரி விமானம் வீழ்த்தியவன். அதுகூடப் பெரிதில்லை. அவன் காவலுக்குப் போன நாளில் ஒரு குண்டு விமானம்கூட விழுந்ததில்லை. அதனால் கிளம்புவதற்கு முன் குண்டு விமானக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் சட்டைக் கையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். ஆஜானுபாகுவான ஆட்கள், கோயில் படியைத் தொடுகிற மாதிரி தொடுவார்கள். பக்கத்தில் இவன் நிற்பான். "தம்பி, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்பார்கள். இவனுக்கு 'வால்' என்று பேர். பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் இவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தளத்தில் மட்டும் என்றால் பொறுத்துப் போயிருப்பான். வீட்டிலும் இதே கூத்துதான். ராசி வேறு யாருமில்லை, இவனுடைய பெரியம்மா மகன். பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள், தகப்பன் எங்கோ போனவன் போனவன்தான். இவன் அம்மா அந்தக் குழந்தையைத் தூக்கிவந்து வளர்த்தாள். எட்டு மாசம் மூத்தவன், அதற்கு 'அண்ணா' என்று கூப்பிட வேண்டும். புதுச் சட்டை முதலில் அவனுக்கு, சின்னதாகிப் போனால் இவனுக்கு. தட்டில் முதல் கரண்டி அவனுக்கு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "தாயில்லாப் புள்ளைடா அவன். அவனோட நீயும் போட்டி போடுவியா?" என்பாள். தாய் இருக்கிற பிள்ளைக்குத் தாய் எங்கே என்று இவன் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

இதில் கொடுமை, ராசி நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம். தன் பங்கில் பாதியை இவன் தட்டில் வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் எழுந்து போகிற ரகம். அந்தப் பாதியைத் தின்னும்போதெல்லாம் இவனுக்கு வயிறு எரியும். ராசியின் வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். பல்வலி ஒன்றும் இல்லை, பழக்கம். அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில் அந்த வாசனை நிற்கும்.

அந்த இருட்டு ரோட்டில் மிதித்துக்கொண்டே ராசி சொன்னான்.

"சித்தி லெட்டர் போட்டிருக்காங்கடா."

"யாருக்கு?"

"நம்ம ரெண்டு பேருக்கும்தான்."

உறையை இவன் முந்தின நாளே பார்த்திருந்தான். மேலே ஒரு பேர்தான் இருந்தது.

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?"

க்ரீச்... க்ரீச்... மிதி வேகமாயிற்று.

"உடம்பைப் பாத்துக்கச் சொன்னாங்கடா" என்றான் ராசி.

பொய். இவன் அந்தக் கடிதத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துப் படித்திருந்தான். இரண்டு பக்கம். இரண்டு பக்கத்திலும் ராசிதான். கடைசி வரியில் மட்டும், 'அவனை உன் பின்னாலேயே இருந்து ஒழுங்காகப் பார்த்துக்கச் சொல். உனக்கு ஒன்று ஆனால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்.' பெற்ற பிள்ளைக்கு அந்த வீட்டில் கிடைத்தது 'அவன்' என்கிற ஒரே ஒரு சொல். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு விமானத்தில் ஏறினான்.

பதினெட்டு குண்டு விமானங்கள். ஆற்றின் மேல் ஒரு ரயில் பாலம், அதை உடைக்க வேண்டும். இருபதாயிரம் அடி உயரம். குளிர் பல்லுக்குள் இறங்கும். முகமூடியில் ரப்பர் நாற்றம், காலுக்கடியில் என்ஜின் ஒரே சீராக உறுமுகிறது. கீழே பதினெட்டும் வரிசை கலையாமல் போகின்றன. மேலே ராசி. அவனுக்கு வலது பக்கம், கொஞ்சம் பின்தள்ளி, இவன்.

பாலத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ரேடியோ கொரகொரத்தது. குண்டு விமானங்களுக்குத் தலைவர், மீசைக்காரர் என்று தளத்தில் அவருக்குப் பேர். பேசக் கூடாத நேரம், ஆனாலும் பேசினார்.

"ராசி இருக்காருல்ல? அப்ப கவலையில்ல. கூட யாரு?"

"என் தம்பி" என்றான் ராசி.

மீசைக்காரர் சிரித்தார். "ஓ... வாலா?"

அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போவதற்குள் இவன் சூரியனைப் பார்த்தான். வேண்டுமென்று பார்க்கவில்லை, கழுத்துக்கு அது பழக்கம். எதிரி எப்போதும் சூரியனுக்குள்ளிருந்துதான் இறங்குவான், கண் கூசும், தெரியாது. அதற்கு விமானிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இடது கையை நீட்டிக் கட்டைவிரலால் சூரியனை மறைத்துக்கொண்டு, விரலின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தான். விரலுக்கு மேலே... ஒரு கறுப்புப் புள்ளி.

ரேடியோ பட்டனும் இடது கைப் பக்கம்தான். அதை அமுக்க வேண்டியதும் அதே கட்டைவிரல்தான். சூரியனை விட்டுவிட்டுப் பட்டனுக்குப் போக ஒரு கணம் போதும். விரல் போகவில்லை.

சாகட்டும் என்று நினைத்தானா? இல்லை. சத்தியமாக இல்லை என்று சொல்லிக் கம்பவுண்டரிடம் அந்த மனுஷன் அழுதிருக்கிறார். அவன் மனசில் ஓடியது வேறு. எதிரி இன்னும் கிட்டே வரட்டும். ராசியின் இறக்கையில் நாலு ஓட்டை விழட்டும். ஒரே ஒரு தடவை அவனும் பயந்து போகட்டும். அப்போது இவன் பாய்ந்து எதிரியை வீழ்த்துவான். பதினெட்டு விமானமும் பார்க்கும். ராசியைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால் இவன் பேரைச் சொல்லுவார்கள். அம்மாவுக்குச் சேதி போகும். அவளுடைய செல்லப் பிள்ளைக்கு உயிர் கொடுத்ததே இவன்தான் என்று ஆகிவிடும். மூன்று எண்ணினால் சரியாக இருக்கும் என்று கணித்தான்.

ஒன்று...

இரண்டு... புள்ளிக்கு இறக்கை முளைத்தது.

மூன்று...

விரலை எடுத்தான். விரலுக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது.

அவன் மறைத்து வைத்திருந்த அந்த வெளிச்சத்துக்குள்ளேயே இரண்டாவது எதிரி இறங்கிக்கொண்டிருந்தான், முதலாமவனைவிட வெகு கிட்டே. "திரும்பு!" என்று அலறினான். ராசி அந்த விநாடியே திரும்பினான், பாவம், யோசிக்காமல். அதற்குள் டட்... டட்... டட்... டட்... ராசியின் தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடி தூள் தூளாகப் பறந்தது. என்ஜினிலிருந்து வெள்ளைப் புகை வந்தது, பிறகு கறுப்பு. ஆனாலும் விமானம் கொஞ்ச தூரம் நேராகவே போயிற்று. ரேடியோவில் ராசி பேசினான். கத்தவில்லை. சைக்கிளில் பேசின அதே குரல்.

"டேய்... உன் பின்னால ஒருத்தன். இடது பக்கம் வெட்டு."

வெட்டினான். இவன் இருந்த இடத்தைக் கிழித்துக்கொண்டு குண்டுகள் போயின. தலையைத் தூக்கிப் பார்த்தபோது கீழே ஒரு நெருப்பு ஆற்றைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. பாராசூட் விரியவில்லை. மற்றக் காவல் ஜோடிகள் வந்து எதிரிகளை விரட்டினார்கள். பாலம் உடைந்தது. பதினெட்டும் பத்திரமாகத் திரும்பின. செத்த நாளிலும் ராசிக்கு அந்தப் பேர் கெடவில்லை.

தரையில் இறங்கினதும், 'ரேடியோ வேலை செய்யவில்லை, மூன்றாவது தடவை அமுக்கியபோதுதான் குரல் போயிற்று' என்று எழுதிக் கொடுத்தான். ரேடியோ மெக்கானிக் நரைத்த ஆள், அதிகம் பேசாதவர். இவன் விமானத்துக்குள் தலையை விட்டு அரை மணி நேரம் நோண்டிவிட்டு வந்தார்.

"ரேடியோ நல்லா இருக்கு சார்."

"பட்டன் தேஞ்சிருக்கும்."

"பட்டனும் நல்லா இருக்கு."

"மேல குளிர்ல ஒறைஞ்சிருக்கும்யா. உங்களுக்கு என்ன தெரியும், கீழ உக்காந்துக்கிட்டு?"

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்த விரலையே மறுபடி மறுபடி துடைத்தார். "அப்ப அப்படியே எழுதிக்கிறேன் சார்" என்றார். எழுதினார். அதற்கப்புறம் அவர் இவன் முகத்தைப் பார்த்துப் பேசியதே கிடையாது.

ஒரு வாரத்தில் இவனை முதல் ஆள் ஆக்கினார்கள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. மறுநாள் காலை, அதே மூன்றே முக்கால் மணி, தன் சைக்கிளைத் தானே மிதித்துக்கொண்டு கிளம்பினான். பாதி தூரம் போனதும் பெடல் கனத்தது. மேடு கிடையாது. எதிர்க்காற்றும் இல்லை. பின்னால் கேரியரில்... ஞொய்ங்... என்று ஸ்பிரிங் அமுங்குகிற சத்தம். ஆள் ஏறி உட்கார்ந்தால் வருமே, அதே சத்தம். அப்புறம் கிராம்பு வாசனை. இத்தனை வருஷம் பின்னால் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவனுக்கு அன்றைக்குக் கழுத்து திரும்பவில்லை. வியர்த்துக் கொட்ட மிதித்தான். தளத்து வாசலில் காவல்காரன் டார்ச்சைத் தரைப் பக்கமாக அடித்தான். "ரெண்டு பேரா? சரி, போங்க போங்க" என்றான்.

ஓய்... யார் அங்கே சுரண்டுவது? கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

மூன்றாம் நாள் ஒன்பது குண்டு விமானங்களோடு போக வேண்டியிருந்தது. இவனுக்குப் புதிதாகக் கொடுத்திருந்த இரண்டாவது ஆளின் என்ஜின் கிளம்பவே இல்லை. காத்திருக்க நேரமில்லை, தனியாகவே போனான். வழியில் எதிரிகள் நாலு பேர் வந்தார்கள். ஒருத்தனைத் துரத்திச் சுட்டு வீழ்த்தினான், மற்றவர்கள் ஓடிப்போனார்கள். அடிக்கொரு தரம் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டான். வெறும் வானம். இறங்கும்போது மனசு குளிர்ந்திருந்தது. ஒற்றை ஆளாகச் செய்த வேலை, பங்கு போட எவனும் இல்லை. மீசைக்காரர் ஓடி வந்தார். கட்டிக்கொள்ளத்தான் வருகிறார் என்று இவனும் கையை விரித்தான்.

"எங்கய்யா அவன்? உன் பின்னால வந்தானே, எங்க அவன்? என்னா ஆளுய்யா!"

"என் பின்னால யாரும் வரல."

"வெளையாடாத. ரேடியோல சொல்லிக்கிட்டே வந்தானேய்யா, 'மேல பாருங்க, வலது பக்கம் பாருங்க'ன்னு. அவன் மட்டும் இல்லேன்னா இன்னிக்கு எங்க கதை முடிஞ்சிருக்கும்."

இவன் ரேடியோவில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மீசைக்காரருக்குப் பின்னால் அவருடைய விமானத்தில் வால் பக்கம் துப்பாக்கியோடு உட்கார்கிற ஆள் நின்றிருந்தார். வழுக்கைத் தலை, நாலு பிள்ளைக்குத் தகப்பன், கேலி பேசத் தெரியாத மனுஷன். குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும் சார். அவரு விமானத்துல மேல கண்ணாடியே இல்லையே... அந்தக் குளிர்ல எப்படி சார் உக்காந்திருக்காரு?"

இவனுக்கு உடம்பு முழுக்க மயிர் குத்திட்டு நின்றது. அது வாஸ்தவம். ஆனால் அன்றைக்குப் படுக்கையில் புரண்டபோது உள்ளே கொதித்தது பயம் இல்லை. பொறாமை. நான் சுட்டேன், பேர் அவனுக்கா? செத்தும் விட மாட்டானா? உயிரோடு இருந்தபோது முன்னால் நின்று பிடுங்கிக்கொண்டான், இப்போது பின்னால் நின்று பிடுங்கிக்கொள்கிறானா? இந்த ஆதங்கத்தில் தலையணையைக் குத்தினான். பேய் பிடித்தவனுக்கு வருகிற ஆதங்கமா இது, சொல்லுங்கள்.

அதற்கப்புறம் தளத்தில் பேச்சே மாறிப்போயிற்று. "வால் வர்றாரா இன்னிக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இவன் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள், ஆனால் இவனைக் கேட்கவில்லை. எந்தப் பேரைக் கேட்டால் இவனுக்குப் பற்றிக்கொண்டு வருமோ அந்தப் பேருக்கு இப்போது மரியாதை, அதுவும் இவனுக்கு இல்லை, பின்னால் வருகிறவனுக்கு. இரண்டாவது ஆளாக இவனோடு போக யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த எடத்துல ஆள் இருக்கு சார்" என்று நழுவினார்கள். மேலதிகாரி திட்டிப் பார்த்தார், பிறகு அவரும் விட்டுவிட்டார். குண்டு விமானக்காரர்கள் டீ போட்டால் இரண்டு குவளை கொண்டுவந்து இவன் விமானத்து இறக்கையில் வைப்பார்கள். இவன் ஒன்றைக் குடிப்பான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இன்னொன்றும் காலியாக இருக்கும். யார் குடித்தார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் தாங்க முடியாமல் அந்தக் காரியத்தைச் செய்தான். காவலுக்குப் போகிறவன் என்ன ஆனாலும் குண்டு விமானங்களை விட்டு விலகக் கூடாது. அது அவர்கள் தொழிலில் முதல் பாடம். இவன் நடு வானத்தில், எட்டு குண்டு விமானங்களைப் பாதி வழியில் விட்டுவிட்டு, மூக்கைக் கவிழ்த்துப் பத்தாயிரம் அடி நேராகக் கீழே பாய்ந்தான். என்ஜின் ஊளையிட்டது, இறக்கை படபடவென்று உதறியது, காதில் ரத்தம் கசிந்தது. "வாடா பாக்கலாம்! இப்ப வாடா என் பின்னால!" என்று முகமூடிக்குள் கத்தினான். மேகத்துக்குள் புகுந்து வெளியே வந்தான். மூச்சை இழுத்துப் பார்த்தான். ரப்பர் நாற்றம் மட்டும். கிராம்பு வாசனை இல்லை. ஒழிந்தான் என்று சிரித்தான்.

சிரித்த வாய் மூடவில்லை, டட்டட்டட் என்று விமானத்தைத் துளைத்துக்கொண்டு குண்டுகள் வந்தன. பின்னாலிருந்து எதிரி. சொல்ல ஆள் இல்லை. வலது முழங்கால் சிதறிப் போயிற்று. எப்படியோ தப்பித்து, அரை மயக்கத்தில் விமானத்தைத் தளத்தில் கொண்டுவந்து போட்டான். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது, "எட்டு பேரும் போய்ட்டாங்களா?" என்று கேட்டான். என்ன பதிலை எதிர்பார்த்துக் கேட்டான் என்பது அவனுக்கே வெட்கமாக இருந்ததாம்.

"எட்டும் வந்தாச்சு சார். நீங்க போனதும் அவரு எங்களோடயே இருந்தாருல்ல" என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். பார்க்க வந்தவர்கள் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, காலைப் பற்றி இரண்டு வார்த்தை, அவரைப் பற்றி அரை மணி நேரம். அங்கே சைக்கிள் இல்லை, விமானம் இல்லை. வாசனையும் வரவில்லை. இனி பறக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது இவன் கும்பிடாத குறை. பறக்காதவனுக்குப் பின்னால் என்ன காவல்? விட்டது சனியன் என்று நினைத்தான். அப்போது அம்மாவின் கடிதம் வந்தது. உறை மேல் இவன் பேர். பிறந்ததிலிருந்து முதல் தடவை. உள்ளே ஒரே வரி. 'வீட்டுக்கு வா, நான் இருக்கிறேன்.' அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்து தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வீடு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். நல்ல வெளிச்சம். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. ஊன்றுகோலை ஊன்றிப் படி ஏறிக் கதவைத் தட்டினான். அம்மா திறந்தாள். ஆறு மாசத்தில் பத்து வயது கூடியிருந்தாள். ஊன்றுகோலைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். இரண்டு கையாலும் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியாடா... என் ராஜா. எனக்குன்னு இனிமே நீ ஒருத்தன்தானடா."

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவன் இத்தனை வருஷம் புகைந்தது. அதைக் கேட்டுவிட்டான். அவள் கை சொரசொரவென்று, சூடாக இருந்தது. மூக்கு ஒழுகச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அந்த வீட்டில் அவன் ஒருத்தன்தான் பிள்ளை.

அவள் பார்வை மெதுவாக அவன் தோளுக்கு மேலே போயிற்று.

"நீ ஏண்டா கண்ணா படியிலயே நிக்கிற? உள்ள வா."

இவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன? சத்தமா சொல்லுடா, காதுல விழல..." கழுத்தை நீட்டிக் கேட்டாள். தலையை ஆட்டினாள். "எப்ப? ...பாலத்துக்கு முன்னாலயா? ...ம்... ம்." அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள். "யாரு... இவனா?"

கன்னத்தில் இருந்த கை சில்லிட்டது. பிறகு ஒவ்வொரு விரலாக எடுபட்டது.

அதற்கப்புறம் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தாள். இவனுக்குச் சாப்பாடு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், பெண் பார்த்துக் கல்யாணமும் செய்துவைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாயங்காலமானால் பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். நடு நடுவே சிரிப்பாள், விழுந்து விழுந்து சிரிப்பாள். வந்த மருமகளுக்கு அந்த இன்னொரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டது. இப்போது கம்பவுண்டருக்குப் பெண்டாட்டியாக இருக்கிறவள் அப்போது நாலு வயசுக் குழந்தை, "உள்ள இருக்கற பெரியப்பா நல்லா கதை சொல்றாருப்பா" என்பாளாம். இவன் மட்டும் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, நொண்டிக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருப்பான். அம்மாவின் சிரிப்பு கேட்கும். அவளைச் சிரிக்க வைக்கிற குரல் மட்டும் கேட்காது.

அம்மா போனாள். காலம் போயிற்று. மாமனாருக்குக் கடைசி காலம். அதே பின்கட்டு அறையில்தான் படுக்கை. கம்பவுண்டர் ஒரு நாள் மத்தியானம் மருந்தை ஊற்றிக் கொடுக்கப் போனார். கிழவர் ஸ்பூனைத் தள்ளிவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி என்னதான் சொல்லி அவளைச் சிரிக்க வச்சான் மாப்பிள்ளை? ஊருக்கெல்லாம் கேட்டுச்சு... எனக்கு மட்டும் இன்னி வரைக்கும் கேக்கலையே."

கட்டிலுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் அப்போது கம்பவுண்டருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.